மேல் வீட்டுப் பச்சை

எங்கள் ஊரில் சுவர் நனைந்திருந்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. வருஷத்தில் பாதிக்கு மேல் மழை, மீதிக்குக் கடல் காற்று. கொடியில் போட்ட துணி காய்வதாகப் பாவனை செய்யும். ஜாடிக்குள் உப்பு கசிந்து நிற்கும். பீரோவில் மடித்து வைத்த பட்டுப்புடவையைப் பிரித்தால் மடிப்பில் பூஞ்சை பூத்திருக்கும். அதனால் சுவரில் ஓதம் ஏறினால் "அந்தமான் ஆச்சே" என்று சொல்லி, ஒரு கை சுண்ணாம்பு அடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் செய்தேன். இப்போது யாராவது என் முன்னால் "அந்தமான் ஆச்சே" என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வீடு டெலானிபூர் சரிவில். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ரோடு போடும் வேலைக்கு வந்த அப்பா இங்கேயே தங்கிவிட்டார். சரிவில் ஒரு துண்டு இடம் வாங்கி, அதைப் படிக்கட்டு மாதிரி வெட்டி, மேலே ஒரு வீடும் கீழே ஒரு வீடும் கட்டினார். மேல் வீடு அக்காவுக்கு, கீழ் வீடு எனக்கு. பெண்கள் இருவரும் கூப்பிடு தூரத்திலேயே இருக்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. இருந்தோம். அக்கா வீட்டுத் தரையும் என் வீட்டுக் கூரையும் ஏறக்குறைய ஒரே மட்டம். அவளுடைய பின்பக்கக் குளியலறைக்கு நேர் கீழே, மண்ணுக்கு இந்தப் புறம், என் மகள் படுக்கும் அறை. அந்த அறையின் பின்சுவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

எனக்குக் கப்பல் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலில் வேலை. மெயின்லேண்டுக்குப் போக டிக்கெட் கிடைக்காதவர்கள் தமிழிலும் இந்தியிலும் பெங்காலியிலும் தெலுங்கிலும் என்னைத் திட்டுவார்கள். எல்லா மொழியிலும் பதில் சொல்லப் பழகிவிட்டேன். என் கணவருக்குக் கார் நிக்கோபாரில் உத்தியோகம். லீவு கிடைத்தால் வருவார், கிடைக்காவிட்டால் போன் செய்வார். வீட்டில் நானும் என் ஒரே மகளும்தான். அவள் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். வாயாடி. ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்து இந்தியில் முடிப்பாள், நடுவில் மூச்சு வாங்கினால் மட்டும் நிறுத்துவாள்.

அந்த மூச்சுதான் பிரச்சினை. சின்னதாக இருமல் என்று ஆரம்பித்து, வீசிங் என்று ஆகி, கடைசியில் பள்ளிக்கூடப் பைக்குள் டிபன் டப்பாவோடு இன்ஹேலரும் போக ஆரம்பித்தது. டாக்டர் ஒரு நாள் வீடு எப்படி என்று விசாரித்தார். சொன்னேன். போனில் சுவரின் படத்தையும் காட்டினேன். கருப்புக் கருப்பாகப் பூஞ்சை படர்ந்த சுவர். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "மே மாசத்துக்குள்ள இந்த ரூமைக் காய வைக்கப் பாருங்க. முடியலன்னா குழந்தையை மெயின்லேண்ட்ல காய்ஞ்ச ஊரா பாத்து விட்டுடுங்க. இன்னொரு மழைக்காலம் இந்த ரூம்ல வேணாம்" என்றார்.

என் கணவர் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார். அவருடைய தங்கை விருதுநகரில் இருக்கிறாள். "அங்க ஓதம்னா என்னன்னே எவனுக்கும் தெரியாது. ஜூன்ல அங்கயே ஸ்கூல்ல சேத்துருவோம்" என்றார். ஊருக்கு அனுப்பும் பார்சலைப் பற்றிப் பேசுவதுபோல அவ்வளவு சுலபமாகச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். சுவர் காய்ந்தால் அவள் இங்கே இருப்பாள் என்று பேச்சை முடித்தேன். அன்றிலிருந்து எனக்கு அந்தச் சுவரைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

ஹாலில் பாய் போட்டுப் படுக்கவைத்துப் பார்த்தேன். சின்ன வீடு, பூஞ்சை வாடைக்குக் கதவு ஒரு தடையா? பிளீச்சிங் போட்டுத் தேய்த்தேன். விலை கூடின பெயின்ட் அடித்தேன். அது சுவரை விட்டு அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு வந்து உதிர்ந்தது. பொங்கல் முடிந்து மழை சுத்தமாக நின்றது. ஊரே தண்ணீருக்குத் தவிக்க ஆரம்பித்தது. குழாயில் தண்ணீர் வரும் நாளைக் காலண்டரில் பார்த்துக் காத்திருக்கிற காலம் அது. மலையே காய்ந்து புல் பழுப்பாகிக் கிடக்க, என் மகளின் அறைச் சுவர் மட்டும் ஈரமாகவே இருந்தது. அப்போதுதான் கவனித்தேன். குழாயில் தண்ணீர் வந்த மறுநாள் சுவர் இன்னும் கருத்து, தொட்டால் கையில் ஒட்டும். தண்ணீர் வரும் நாளில்தான் எல்லா வீட்டிலும் தலைக்குக் குளிப்பார்கள், சேர்த்து வைத்த அழுக்குத் துணியைத் துவைப்பார்கள். மழை இல்லாத மாதத்தில் சுவருக்குள் தண்ணீர் எங்கிருந்து வரும்? மேல் வீட்டிலிருந்துதான் வரவேண்டும்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாள்.

"அரே, அந்தமான்ல சுவர் நனையாம பின்ன ராஜஸ்தான்லயா நனையும்?" என்றாள். "எங்க பைப்பெல்லாம் பக்கா. அப்பா கட்டினதுடி."

அத்தான் ஹாலிலிருந்தபடியே மலைக்குள் ஊற்று இருக்கிறது என்றார். எந்த ஊற்று குழாயில் தண்ணீர் வரும் நாள் பார்த்துச் சுரக்கும் என்று கேட்க நாக்கு துடித்தது. அக்கா புருஷனாயிற்றே என்று அடக்கிக்கொண்டேன்.

ஆபீசில் ஒருவர் ஒரு பிளம்பரின் நம்பரைக் கொடுத்தார். எதிர்க்கரையில் பாம்பூஃப்ளாட்காரர். காலை ஃபெர்ரியில் ஸ்கூட்டரை ஏற்றிக்கொண்டு சாத்தம் துறையில் வந்து இறங்கி, பிறகு ஊர் முழுக்கச் சுற்றுவார். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக் குடும்பம். கழுத்தில் சிலுவை, காதில் எந்நேரமும் போன். பாதி வேலை நேரம் போனிலேயே போகும். ஆனாலும் அவர்தான் கலர் டெஸ்ட் என்று ஒன்று இருப்பதைச் சொன்னார். இடிக்காமல் உடைக்காமல், சந்தேகப்படும் வீட்டுக் கழிவுநீர் ஓட்டையில் சாயத்தைக் கரைத்து ஊற்றுவது. சாயம் எந்தச் சுவரில் எட்டிப்பார்க்கிறதோ அங்கே வரை கசிவு இருக்கிறது என்று அர்த்தம்.

அவர் கொண்டுவந்த சின்னப் பாக்கெட்டில் செங்கல் தூள் மாதிரி ஒரு பொடி இருந்தது. ஒரு டம்ளர் தண்ணீரில் சிட்டிகை போட்டார். சிவப்பாக இழை இழையாக இறங்கி, கண் மூடித் திறப்பதற்குள் தண்ணீர் முழுக்கப் பளிச்சென்று இளம்பச்சையானது. கண்ணைக் கூசுகிற பச்சை. மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

"மேல் வீட்டுக்கு இந்தப் பச்சை, உங்க வீட்டுக்குச் சிவப்பு மேடம். எது சுவத்துல வருதோ அவங்கதான் பார்ட்டி. சண்டையே வேணாம், டீக் ஹை?" என்றார்.

சண்டை வராது என்று நானும் நம்பினேன். ஆனால் அது பங்குனி. அத்தான் உத்திரத்துக்குக் காவடி எடுக்க மாலை போட்டு விரதத்தில் இருந்தார். இந்தத் தீவில் நாங்கள் வேறு எதில் விட்டுக்கொடுத்தாலும் பங்குனி உத்திரத்தில் விட்டுக்கொடுக்க மாட்டோம். மாலை போட்டவர் இருக்கிற வீட்டில் வெங்காயம்கூட நுழையாது. செருப்புக் காலோடு யாரும் படி ஏற முடியாது. அவர் எது சொன்னாலும் சாமி சொன்னதாக எடுத்துக்கொள்வோம், எதிர்த்துப் பேசமாட்டோம். பிளம்பரைக் கூட்டிக்கொண்டு மேலே போனபோது அக்கா வாசலிலேயே மறித்தாள்.

"செப்டிக் டேங்குல கைவிட்டு வர்ற ஆளு. தப்பா நினைக்காதீங்க தம்பி. அவர் மாலை போட்டிருக்கார். உத்திரம் முடியட்டும்."

பிளம்பர் தப்பாக நினைத்தாரா இல்லையா என்று தெரியாது. தலையை ஆட்டினார். ஆனால் உத்திரம் முடிவதற்குள் அவர் ஹேவ்லாக் தீவில் ஒரு ஹோட்டல் வேலைக்குப் போகவேண்டியிருந்தது, திரும்பி வர நாளாகும் என்றார். விருதுநகர் பள்ளிக்கூடத்தில் அட்மிஷனுக்குப் பதில் கேட்டு நாத்தனார் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தாள். நான் வாசல்படியில் நின்று கெஞ்சினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அக்காவே கையை நீட்டினாள்.

"குடு, நானே ஊத்துறேன். எவ்வளவு ஊத்தணும்?"

"பின்னாடி பாத்ரூம் ஓட்டையில பொடியைப் போட்டு ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்துங்க. கம்மியா ஊத்துனா பொடி பைப்புலயே உக்காந்துரும், கீழ வராது" என்று பிளம்பர் விளக்கினார். அக்கா பாக்கெட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

நாங்கள் கீழே வந்து சுவர் முன்னால் நின்றோம். வெள்ளைத் துண்டு ஒன்றைச் சுவரோடு சேர்த்து டேப் போட்டு ஒட்டினார், கலர் லேசாக வந்தாலும் துண்டில் தெரியும் என்று. மேலேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

"ஊத்திட்டேன்டி!"

"எவ்வளவு?" என்று நான் கத்தினேன்.

"அவர் சொன்ன அளவுதான்!"

நான் லீவு போட்டிருந்தேன். சாயங்காலம்வரை சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாளும் பார்த்தேன், அதற்கு மறுநாளும் பார்த்தேன். என் வீட்டு ஓட்டையில் ஊற்றின சிவப்பும் வரவில்லை, மேல் வீட்டுப் பச்சையும் வரவில்லை. துண்டில் பூஞ்சைக் கறை மட்டும் பிடித்தது. பிளம்பர் ஹேவ்லாக் போகிற வழியில் போன் செய்து, "மேல் வீடு பாஸ் மேடம். உங்க வீட்டு நல்லதண்ணி பைப் எங்கயாவது லீக்கா இருக்கும், பாத்ரூமை உடைச்சுப் பாத்துருங்க" என்றார். ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு என் பாத்ரூம் டைல்ஸையெல்லாம் உடைத்தேன். பைப் புதுசு மாதிரி இருந்தது. மகள் உடைந்த டைல்ஸ் துண்டுகளைப் பொறுக்கிப் பாண்டி விளையாடினாள்.

கூடப்பிறந்தவளைச் சந்தேகப்பட்டுவிட்டேனே என்று எனக்கு உறுத்தியது. பால் பாயசம் செய்து, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு மேலே போனேன். அக்கா வாங்கி வைத்துவிட்டு, "விடு, பரவால்ல. வெளி ஆளா, கூடப்பொறந்தவளைத்தானே சந்தேகப்பட்ட" என்றாள். அந்த வார்த்தைக்கு நான் அழுதேன். அத்தான் என் நெற்றியில் விபூதி பூசி, மனசில் எதையும் வைத்துக்கொள்ளாதே என்றார். நான் குனிந்து வாங்கிக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்த விபூதி நெற்றியில் எரிகிறது.

உத்திரத்தன்று அத்தான் காவடி எடுத்தார். மகளின் மூச்சுக்காக நான் பால்குடம் எடுத்தேன். வெயிலில் தார் ரோட்டில் கால் பொத்துப்போனது. பக்கத்தில் நடந்து வந்த அக்கா வழி முழுக்க என் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தாள்.

சித்திரையில் சுவர் கொஞ்சம் காய்ந்த மாதிரி இருந்தது. கோடை அல்லவா என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் உள்ளே ஊறின பூஞ்சை போகவில்லை, மகளின் இழுப்பும் நிற்கவில்லை. ஒரு தடவை ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைக்கும்படி ஆனது. அதற்குப் பிறகு என்னிடம் வாதம் மிஞ்சவில்லை. காரணம் கண்டுபிடிக்க முடியாத ஓதத்தை வைத்துக்கொண்டு எதைச் சொல்லி அவளைப் பிடித்து வைப்பது? கணவர் லீவு போட்டு வந்தார். டிக்கெட்டை நானேதான் அடித்துக் கொடுத்தேன். அவருக்குப் போகவர, மகளுக்குப் போக மட்டும். ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த ஆள், "மேடம், சீக்கிரம்" என்று தட்டினார். அவருக்கு டிக்கெட் இல்லை என்று சொல்லும்போது கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

துறைமுகத்துக்கு அக்கா வந்தாள். ராத்திரி கண்விழித்துச் சுட்ட முறுக்கை டப்பாவில் அடைத்துக் கொண்டுவந்திருந்தாள். மகளைக் கட்டிக்கொண்டு, சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அழுதாள். மகள் என்னிடம், "சுவர் காஞ்சதும் கூப்பிடுவல்ல?" என்று மட்டும் கேட்டாள். கூப்பிடுவேன் என்றேன். கப்பல் நகர்ந்த பிறகு அக்காதான் என்னைத் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினாள்.

கொஞ்ச நாளில் மழை வந்தது. இங்கே முதல் மழையை யாரும் டேங்கில் பிடிக்க மாட்டோம். மாசக்கணக்கில் தகரக் கூரையில் சேர்ந்த தூசியும் சருகும் மைனா எச்சமும் அதில்தான் அடித்துக்கொண்டு வரும். அதனால் கூரையிலிருந்து டேங்குக்குப் போகும் குழாயைக் கழற்றி, கூரை கழுவி முடிகிறவரை தண்ணீரைப் பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஓர் ஓட்டையில் விடுவோம். எல்லா வீட்டிலும் அன்று இந்த வேலைதான். நானும் கூரைக் குழாயைத் திருப்பி விட்டுவிட்டு ஆபீஸ் போனேன். மேலே அத்தான் மழையில் நனைந்துகொண்டே குழாயை எங்கேயோ இழுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

சாயங்காலம் வந்து, ஜன்னல் அடைத்திருக்கிறதா என்று பார்க்க மகளின் அறைக் கதவைத் திறந்தேன். பின்சுவர் பச்சையாக இருந்தது.

லேசான பச்சை இல்லை. உத்தரத்துக்குக் கீழேயிருந்து தரைவரைக்கும் திட்டுத்திட்டாக இறங்கியிருந்த இளம்பச்சை. சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவரில் அது எரிகிற மாதிரி இருந்தது. டம்ளர் தண்ணீரில் நான் பார்த்த அதே நிறம். நான் அப்படியே மகளின் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் எழுந்து போய் அக்காவைக் கூப்பிட்டேன். குடையோடு இறங்கி வந்தாள். வாசற்படியிலேயே நின்று எட்டிப் பார்த்தாள்.

"பாசிடி" என்றாள். "மழை வந்தா பாசி பிடிக்கத்தானே செய்யும்."

எங்கள் ஊரில் அதுவும் ஒரு பதில். மழைக்காலத்தில் இங்கே மதில், மரம், படிக்கட்டு, நிறுத்தி வைத்த வண்டி எல்லாமே பச்சைதான். நான் மகளின் வெள்ளைச் சட்டையொன்று கொடியில் கிடந்ததை எடுத்துச் சுவரில் அழுத்தி அவளிடம் நீட்டினேன். ஒரே நாளில் பிடிக்கிற பாசி சட்டையில் எலுமிச்சைப் பச்சையாக ஒட்டுமா? அவள் சட்டையைக் கையில் வாங்கவில்லை. நான் குடைகூட எடுக்காமல் படி ஏறினேன். பின்னாலேயே, "நில்லுடி, அவர் சாப்பிட்டுக்கிட்டு இருக்காருடி" என்று ஓடிவந்தாள்.

பின்பக்கக் குளியலறைக் கதவுக்குப் பூட்டு போட்டிருந்தது. சாவி கொடு என்றேன். தேடுவது மாதிரி நடித்தாள். அத்தான் சாப்பாட்டுக் கையோடு எழுந்து வந்து, அலமாரிக்கு மேலேயிருந்து சாவியை எடுத்து என்னிடம் கொடுத்தார். அவருக்கு ஒன்றுமே தெரியாது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. "பங்குனியிலேருந்து அதைப் பூட்டித்தானே வெச்சிருக்கா. தண்ணிப் பஞ்சம், ஒரு பாத்ரூம் போதும்னா" என்றார். "இன்னிக்கு நான்தான் வென்டிலேட்டர் வழியா கூரைத் தண்ணியை உள்ள விட்டேன். ஏன், என்ன ஆச்சு?"

கதவைத் திறந்தேன். வென்டிலேட்டர் வழியாகத் தொங்கிய குழாயிலிருந்து தண்ணீர் தரையில் விழுந்து பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் படாத மூலையில், பழைய பக்கெட்டுகளுக்குப் பின்னால், அந்தப் பாக்கெட் கிடந்தது. பக்கத்திலேயே தரையில் சிந்தின செங்கல் நிறப் பொடி, பங்குனியில் சிந்தினது, காய்ந்தபடியே இருந்தது. ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் மேட். தூக்கினேன். அடியில் டைல்ஸ் விரிசல் விட்டு, கை நுழைகிற அளவுக்குத் தரை உள்வாங்கியிருந்தது. ஓட்டையை நோக்கிப் போகவேண்டிய தண்ணீர் பாதி அந்தப் பள்ளத்துக்குள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

"நீ தண்ணியே ஊத்தல."

"ஊத்தினேன்டி. ஒரு மக் ஊத்தினேன்."

"அவர் ரெண்டு பக்கெட்ன்னு சொன்னாரு."

"அன்னிக்கு ரெண்டு பக்கெட் பானிக்கு நான் எங்க போவேன்?" என்று ஆரம்பித்தவள், அந்தப் பொய் தனக்கே ஒட்டவில்லை என்று தெரிந்து நிறுத்தினாள். பிறகு கோபமாக, நான்தான் ஏதோ குற்றம் செய்த மாதிரி, பொரிந்து தள்ளினாள். "ஆமா, தெரியும். தரை உள்ள போனது போன வருஷமே தெரியும். சொன்னா உடைக்கணும்ப. உடைச்சா எங்க வீட்டுப் பின்சுவர் நிக்குமா? பூகம்பத்துல வெடிச்ச சுவர்டி அது. அது சரிஞ்சா நான் எங்கடி போவேன்? அதான் பூட்டிட்டேன். பூட்டின பின்னாடி உன் சுவர் காஞ்சுதா இல்லையா? சொல்லு, காஞ்சுதா இல்லையா?"

காய்ந்தது. சித்திரையில் நான் கோடை என்று நினைத்தது கோடையில்லை, இந்தப் பூட்டு. அவளுக்குக் காரணம் தெரிந்திருக்கிறது, மருந்தும் தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை கீழே இறங்கி வந்து, "இனிமே அந்தப் பாத்ரூம் இல்லடி, சுவர் காஞ்சுரும், குழந்தையை அனுப்பாதே" என்று சொல்லியிருந்தால் போதும். பூஞ்சையைச் சுரண்டிப் போட்டு, புதுசாகப் பூசி, மழைக்கு முன்னால் அறையைக் காப்பாற்றியிருப்பேன். அதைச் சொல்லாமல் முறுக்கு சுட்டிருக்கிறாள்.

"அவ போற அன்னிக்கு அப்படி அழுதியே" என்றேன்.

"அழுதது பொய்யாடி?" என்றாள். "அவ என் புள்ள இல்லையா?"

அந்த அழுகை பொய்யில்லை என்று எனக்கும் தெரியும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அழுகை பொய்யாக இருந்தால் அவளைச் சுலபமாக வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். நான் கன்னத்தில் ஓர் அறை விட்டேன். என் வயசில், அக்காவை, அவள் புருஷன் முன்னால். அத்தான் சாப்பாட்டுக் கையோடு நின்றுகொண்டிருந்தார். நான் குழாயைப் பிடுங்கி வெளியே எறிந்துவிட்டு இறங்கி வந்தேன்.

மறுவாரமே பிளம்பரைக் கூப்பிட்டது அத்தான்தான். இந்த முறை அவரைக் கையைப் பிடிக்காத குறையாக உள்ளே அழைத்துப் போனார். நான் கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிப்பக்கமாக மண்ணைத் தோண்டி, இணைப்பு விட்டுப்போன இடத்தில் பழைய பைப்பை அறுத்துப் புதுசு போட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. அக்கா பயந்த பின்சுவரிலிருந்து ஒரு செங்கல் விழவில்லை. பிளம்பர் கீழே வந்து கை கழுவிக்கொண்டே, "அன்னிக்கே என்னை உள்ள விட்டிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும் மேடம். சோடோ, விடுங்க, என்ன பண்றது" என்று சொல்லிவிட்டு, காதில் போனை வைத்துக்கொண்டு ஃபெர்ரிக்குக் கிளம்பினார்.

அன்று சாயங்காலமே கணவருக்குப் போன் செய்து, மகளைக் கூட்டி வாருங்கள் என்றேன். அவர் ஒவ்வொன்றாக அடுக்கினார். டி.சி. வாங்கியாகிவிட்டது. அங்கே வகுப்பு தொடங்கிவிட்டது. மழைக்காலத்தில் நனைந்த சுவர் மழை முடிந்தால்தான் காயும். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே போன பிறகு அவளுக்கு ஒரு தடவைகூட இழுக்கவில்லை. "நல்லா இருக்கிற புள்ளையைத் திருப்பிக் கொண்டாந்து அந்த ஓதத்துல போடணுமா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வீடியோ கால் செய்தாள். நான் வேண்டுமென்றே அவள் அறையில், அவள் கட்டிலில் உட்கார்ந்து பேசினேன். கன்னம் உப்பியிருந்தது. முன்பெல்லாம் வாக்கியத்துக்கு ஒரு "அச்சா" போடுவாள். அங்கே பிள்ளைகள் கேலி செய்கிறார்களாம், இப்போது எல்லாவற்றுக்கும் "சரிம்மா" என்கிறாள். மூச்சு வாங்காமல் பேசினாள். அத்தை வீட்டுப் பூனை, புது டீச்சர், மொட்டை மாடியில் காயப்போட்ட வடகம். நடுவில் நிறுத்திவிட்டு, போனை முகத்துக்கு அருகே கொண்டுவந்து எனக்குப் பின்னால் உற்றுப் பார்த்தாள்.

"அம்மா, என் ரூமுக்குப் பச்சை பெயின்ட் அடிச்சிட்டியா?"

நான் திரும்பிச் சுவரைப் பார்த்தேன். வாய் தானாக ஆமாம் என்று சொல்லிவிட்டது.

"சூப்பரா இருக்கும்மா. நான் இருக்கும்போதே அடிச்சிருக்கலாம்ல?"

"பெரியம்மாதான் அடிச்சுக் கொடுத்தாங்க" என்றேன்.

"அப்படியா? பெரியம்மாக்கு நான் தேங்க்ஸ் சொன்னேன்னு சொல்லிடு" என்றாள்.